அகப்பை யார் கையில்?

கலியாண மண்டபங்களிலும் பாடசாலை விழாக்களிலும் அலுவலக வைபவங்களிலும் ஒரு பழக்கம் இன்று நன்கு வேரூன்றிவிட்டது. நீண்ட மேசையொன்றின்மீது தட்டங்களும் மூடியிட்ட சூட்டுப் பாத்திரங்களும் அணிவகுத்து நிற்கின்றன. விருந்தினர் கையிற் பீங்கானை ஏந்தி வரிசையில் நகர்ந்து, வேண்டியதை வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்கின்றனர். 'பஃபே' என்னும் பிரெஞ்சுப் பெயரால் இதனை வழங்குகின்றோம். அச்சொல் முதலிற் குறித்தது உணவையன்று, உணவு வைக்கும் பக்க மேசையையே. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் நாட்டார் தமது விருந்து மேசையை அமைத்துப் பலரறியச் செய்தனர். 1958இல் தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அம்முறையைத் தழுவி 'வைக்கிங்' என்று பெயரிட்டது. யப்பானியர் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர். இவ்வாறு ஊர் ஊராகப் பயணஞ் செய்து வந்த மேசை நம்மிடையே பந்தியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இதில் ஆராய்வதற்கு என்ன உண்டு, உண்டு எழுந்து போவதுதானே என்று சிலர் கேட்கலாம். ஒரு சமுதாயம் மனிதரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மேடைப் பேச்சிலே கேட்கலாம். உண்மையில் என்ன நினைக்கிறது என்பதைச் சோறு பரிமாறும் இடத்திலேதான் காணலாம். ஆகவே நாம் எழுப்பும் கேள்வி இதுதான்: பிறர் கையாற் பெற்று உண்ட நிலை மாறித் தன் கையால் எடுத்து உண்ணும் நிலை வந்தபோது சமத்துவமும் உடன் வந்ததா?

முதியோர் பலர் இப்புதுமுறையை வெறுக்கின்றனர். பீங்கானை ஏந்தி நிற்பது இரந்து நிற்பதற்கு ஒப்பானது என்பது அவர்களது குறை. பந்தியில் விருந்தினன் அமர்ந்திருப்பான்; வீட்டார் அவனை நாடி வருவர். 'இன்னும் கொஞ்சம்' என்பர். வேண்டாமென்று வாழையிலையின்மேற் கையை விரித்தாலும் விரலிடுக்கிலே பருப்பு விழும். அந்த வற்புறுத்தலில் அன்பு இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்த அன்பு யாருக்குக் கிடைத்தது? முதற் பந்தியில் யார் அமர்ந்தனர், கடைசிப் பந்திவரை யார் காத்திருந்தனர்? 'பந்திக்கு முந்து' என்ற பழமொழி பசித்தவனின் வெறும் வேடிக்கையன்று. பிந்தியவனுக்கு வடை இராது, பாயசத்தில் முந்திரிகை இராது என்ற அனுபவத்திலிருந்து பிறந்தது அது. ஆண்கள் உண்டு முடித்த பின்னரே பெண்கள் இலை போட்டுக்கொண்டனர். ஊரின் ஒடுக்கப்பட்ட மக்களோ பந்தலுக்குள்ளேயே வரவில்லை. வெளியில் நின்று, தாம் கொண்டுவந்த ஓலைப் பெட்டியிலே சோற்றை வாங்கிச் சென்றனர். அகப்பை பிடித்தவனுக்கு ஒரு கண் இருந்தது. இன்னாருக்கு இரண்டு அகப்பை, இன்னாருக்கு ஒன்று, இன்னாருக்கு எட்ட நின்று என்று அந்தக் கண் அளந்தது.

யாழ்ப்பாணத்து வரலாற்றை அறிந்தோருக்கு இது மிகையாகத் தோன்றாது. 1924இல் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸ், சாதி பாராது ஒருங்கிருந்து உண்பதைத் தன் செயல்களில் ஒன்றாகக் கொண்டது. உணவருந்துதல் அன்று ஓர் அரசியற் செயலாயிருந்தது. உதவி பெறும் பாடசாலைகளிலே பிள்ளைகள் யாவருக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்ற நடவடிக்கை 1930ஆம் ஆண்டளவிற் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும், 1960களின் பிற்பகுதி வரை, தேநீர்க் கடையினுள் நுழைந்து மற்றவர் குடித்த பாத்திரத்திலே தேநீர் குடிப்பதற்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்கெனப் போத்தலும் சிரட்டையும் ஒதுக்கப்பட்டிருந்தன.

இந்தப் பின்னணியில் நோக்கும்போது விருந்து மேசை ஒரு பெரிய காரியத்தைச் சத்தமின்றிச் செய்திருக்கிறது. ஒரே அகப்பையின் பிடியை எல்லாக் கைகளும் தொடுகின்றன. முன்னே நின்றவர் யார், அவரது பாட்டனார் எங்கே நின்று சோறு வாங்கினார் என்பதை அந்தப் பிடி கேட்பதில்லை. சமைத்தவர் யார் என்றும் எவரும் கேட்பதில்லை. உணவு வழங்கும் நிறுவனத்தின் வாகனத்தில் வந்திறங்கிய சோற்றுக்குச் சாதி தெரியாது. இம்மாற்றத்தை மனச்சாட்சி கொண்டுவரவில்லை, பணமும் நேரமின்மையுமே கொண்டுவந்தன என்பது உண்மை. வேலைக்காரரையும் அயலாரையும் திரட்டி ஐந்து பந்தி வைக்க இன்று ஆளில்லை. மண்டபத்தின் வாடகையோ மணிக்கணக்கில் ஏறுகிறது. எவ்வாறு வந்தாலும் வந்தது நன்றே. அழைப்பிதழ் யார் யாருக்குப் போகிறது என்பது வேறு கதை. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

இனி மேசையின் அருகே சென்று பார்ப்போம். சோற்றுக்கு முன் எவரும் நிற்பதில்லை. பருப்புக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் காவல் இல்லை. கோழிக்கறித் தட்டத்தின் பின்னால் மட்டும் வெள்ளைச் சட்டையணிந்த இளைஞன் ஒருவன் அகப்பையுடன் நிற்கிறான். ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு. மலிவான பொருளில் மனிதனை நம்புகின்றோம், விலையுயர்ந்த பொருளிற் சந்தேகிக்கின்றோம். அந்த இளைஞனோ வந்தவர் கோட்டு அணிந்தவராயின் மூன்றாவது துண்டையும் எடுத்து வைக்கிறான். பாடசாலைச் சிறுவனாயின் எலும்பைத் தேடுகிறான். பந்தியிலிருந்த அந்தப் பழைய கண் எங்கும் போய்விடவில்லை, கோழிக்கறிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அவனைக் குறை கூறுவதிற் பயனில்லை. நூறு துண்டுகளை இருநூறு பேருக்குச் சமாளிக்கும்படி அவனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

தேவைக்கேற்பப் பெறுதல் என்பது பொதுவுடைமையாளரின் நெடுநாளைய இலட்சியம். மார்க்ஸ் 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, உழைப்பின் அளவுக்கேற்பப் பெறும் முற்கட்டத்தையும் தேவைக்கேற்பப் பெறும் பிற்கட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பிற்கட்டத்துக்கு முன்னிபந்தனையாக அவர் வைத்தது உற்பத்தியின் பெருக்கத்தையும் மனிதர் உழைப்போடு கொண்ட உறவின் மாற்றத்தையும். விருந்து மேசையோ அந்த உறவிலே கை வைக்காமல் நுகர்விலே மட்டும் அதனை மூன்று மணித்தியாலத்துக்கு நடித்துக் காட்டுகிறது. இதனாற்றான் அது சிலவேளை கேலிக்கூத்தாகிறது. 'எடுத்துக்கொள்' என்றதும் சிலர் பீங்கானில் மலை கட்டுகின்றனர். பாதியை விட்டுவிட்டு எழுகின்றனர். 'பார்த்தீர்களா, மனிதனின் இயல்பே பேராசை' என்று நம் நண்பர்கள் சிலர் உடனே முடிவு கட்டுகின்றனர்.

இம்முடிவு புதியதன்று. பொது மேய்ச்சல் நிலத்தைத் தத்தம் மந்தையால் அழித்துவிடும் இடையரை உவமையாகக் கொண்டு 1968இல் காரெற் ஹார்டின் என்பார் எழுதிய கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. ஆயின் எலினோர் ஒஸ்ற்றம் அம்மையார் சுவிற்சலாந்தின் மலைக்கிராம மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் நீர்ப்பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்து, பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துத் தாமே கண்காணித்த பொதுச் சொத்துக்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்ததை 1990இல் எடுத்துக்காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பேராசை என்று நாம் பெயரிடுவதிற் பெரும்பங்கு அச்சம். மறுபடி வந்தால் இராது என்று அஞ்சுபவனே முதல் முறையிலேயே மலை கட்டுகிறான். 1970களிற் பாணுக்கும் 2022இல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்டவருக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. நோர்வே நாட்டு ஹோட்டல்களில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. சில ஹோட்டல்களிற் பீங்கானின் அளவைக் குறைத்தனர். வேறு சிலவற்றில், எத்தனை முறையும் மீண்டும் வரலாம், ஒரேயடியாக எடுப்பதைவிட அதுவே நன்று என்று அறிவிப்பு வைத்தனர். இரு வகையிலும் வீணான உணவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. மனித இயல்பு அந்த வாரத்திலே திடீரென்று திருந்திவிடவில்லை.

எனவே தட்டங்களைத் திட்டமிடுதல் சமையற்காரரின் கணக்கு மட்டுமன்று, அறநெறிப் பிரச்சினையுமாகும். கறிகள் பல சேரும் விருந்தில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை போதும் என்பதும், தேநீர் உபசாரத்துக்குத் தலைக்கு நான்கு முதல் ஆறு வரையான சிற்றுண்டித் துண்டுகள் வேண்டும் என்பதும் தொழிலறிந்தோர் கணக்கு. ஆனால் சராசரி என்பது ஒரு மாயம். நானூறு றோல்ஸ் நூறு பேருக்குப் போதும் என்று கணக்குச் சொல்லும். அவற்றை ஒரேயடியாக மேசையில் அடுக்கினால் முதல் அறுபது பேரோடு தீர்ந்துவிடும் என்று அனுபவம் சொல்லும். சிறு தட்டங்களாகப் பிரித்து, ஒன்று ஒழிய மற்றொன்றை உள்ளிருந்து கொண்டுவருபவர், எழுபதாவது ஆளை நினைவில் வைத்திருப்பவர். மேசையைச் சுவரோடு சாத்தாமல் நடுவிலிட்டு இருபுறமும் வரிசை விடுபவரும் அத்தகையவரே. மரக்கறித் தட்டத்தைத் தனியே, தனி அகப்பையுடன், முதலில் வைக்க வேண்டும். இறைச்சிக் கறியின் அகப்பை பருப்புக்குள் விழுந்த பின்னர் மரக்கறி உண்பவருக்கு அம்மேசையிலே வெறுஞ்சோறே மிஞ்சும்.

இன்னொன்றைப் பற்றி நாம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாமே எடுத்துக்கொள்வதற்கு இரண்டு கைகள் வேண்டும்: பீங்கானைப் பிடிக்க ஒன்று, அகப்பையைப் பிடிக்க ஒன்று. 2009இல் முடிந்த யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேரை ஒரு கையோடும் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் விட்டுச் சென்றது என்பதை நாம் தெருவில் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களுக்கு இந்த மேசையின் சுதந்திரம் எட்டாத உயரத்தில் இருக்கிறது, சொல்லளவில் மட்டுமன்று, அங்குலக் கணக்கிலும். குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்க்கும், கை நடுங்கும் முதியவருக்கும் நிலை அதுவே. இவர்களுக்கு வேறோர் ஆள் எடுத்து வந்து கொடுத்தாற் போயிற்று என்பது எளிய விடை. ஆயின் எல்லோரும் தாமே தெரிந்தெடுக்கும் சபையில் ஒருவர் மட்டும் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மரியாதையாகாது. ஒரு மேசையைத் தாழ்த்தி, பீங்கானை வைத்து நகர்த்த ஒரு விளிம்புப் பலகையும் அமைத்தால் அவருள் மிகப் பலர் தாமே எடுப்பர். எடுக்க இயலாதவரிடம் தட்டங்களைக் கொண்டுசென்று, 'எது வேண்டும்?' என்று கேட்கலாம். பந்தியின் நல்ல பகுதி அதுவே. அதனை நாம் ஏன் இழக்க வேண்டும்?

இத்துணை நேரமும் மேசைக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியே பேசினோம். பின்னால் நிற்பவர் யார்? விடியற்காலையில் வெங்காயம் உரித்த பெண்கள், கிடாரத்தைத் தூக்கியவர்கள், பீங்கான் கழுவுபவர்கள்; கொழும்பிலாயின் அவர்களுள் மலையகத்திலிருந்து வந்த இளைஞர் பலர். விருந்து முடிந்த பின், மேசையில் மிஞ்சியதே அவர்களது உணவு. பந்திகளுக்கெல்லாம் பிந்திய பந்தி அது. எந்த அழைப்பிதழிலும் அச்சிடப்படாதது. அதற்கும் மிஞ்சியது முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ 'தருமமாக' அனுப்பப்படுகிறது. சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது, சூடாகப் பரிமாறுவதை 60 பாகை செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு மணித்தியாலம் பலர் மூச்சும் கரண்டியும் பட்டுக் கிடந்த கோழிக்கறியை அநாதைப் பிள்ளைக்கு அனுப்புபவர் தம் பிள்ளைக்கு அதனைக் கொடுப்பாரா?

2022ஆம் ஆண்டிலே உலகில் 105 கோடி தொன் உணவு வீணாகியது என்றும், அதில் 29 கோடி தொன் உணவகங்களிலும் விருந்துச் சேவைகளிலும் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் மதிப்பிட்டது. அதே ஆண்டில் நமது நாட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு உறுதியின்றி இருந்தனர் என்று உலக உணவுத் திட்டம் கூறியது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, மிஞ்சியதை ஏழைக்குக் கொடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. எஞ்சியதில் இடப்படும் தருமத்தை நாம் வேண்டவில்லை. உணவு மண்டபத்துக்கு வந்தவுடன், முதல் விருந்தினர் அகப்பையைத் தொடுமுன், தொழிலாளரின் பங்கையும், அனுப்ப எண்ணிய இல்லத்தின் பங்கையும் கிடாரத்திலிருந்து சூடாக எடுத்து மூடி வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கோழிக்கறியும் சேர்த்தே.

ஆசிரியர்களாகிய நம் வாசகர்களிற் பலருக்கு விரைவிலே பரிசளிப்பு விழாவோ விளையாட்டுப் போட்டியோ வரும். வழக்கப்படி அதிபரின் அறையில் வெள்ளை விரிப்பிட்ட மேசையில், கட்லெற்றும் கேக்கும் பழமும் அடுக்கிய தட்டங்கள் பிரதம விருந்தினருக்குக் காத்திருக்கும். வெயிலில் அணிவகுத்து நின்ற மாணவருக்கு ஒரு பணிசும் ஒரு பக்கற் பானமும் ஜன்னல் வழியே நீட்டப்படும். ஏற்பாட்டுக் கூட்டத்தில் எவரேனும் ஓர் இளம் ஆசிரியர் எழுந்து, இவ்விரு கணக்கையும் ஒரே தாளில் எழுதித் தலைக்கு எத்தனை ரூபா என்று வாசித்துக் காட்டட்டும். அன்று பிரதம விருந்தினரும் மண்டபத்துக்கு வந்து மாணவரோடு வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கட்டும். பெரும்பாலான விருந்தினர் மறுக்கமாட்டார்கள். மறுப்பு வருமாயின் அது அதிபரின் அறையிலிருந்தே வரும்.