இருபது அடி

"கொஞ்ச தூரந்தானே!" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அதைப்போலப் பொறுப்பற்ற வார்த்தை வேறு உண்டா என்று சில காலமாக எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பியவை தேனீக்கள்.

அத்திப்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அத்திப்பட்டில் தேனீயா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பக்கம் 1994-ல் ஓடத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையம். அதற்கப்பால் 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். கொடியில் உலர்த்திய வேட்டியில் சாம்பல் படிகிற ஊர். ஆனாலும் இங்கே முருங்கை பூக்கிறது, வேம்பு பூக்கிறது, யாரும் நடாத சீமைக் கருவேலம் ரயில் பாதையோரமெல்லாம் பூக்கிறது. பூ இருந்தால் தேனீ வந்துவிடும். ஊரின் யோக்கியதையை அது விசாரிப்பதில்லை.

சென்ற சித்திரையில் அடுத்த வீட்டுக் குழந்தையை ஒரு தேனீ கொட்டிவிட்டது. தாயார் சண்டைக்கு வரவில்லை. "பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி வைங்களேன், அண்ணே" என்றாள். நியாயமான வேண்டுகோள். கொல்லையின் மறுகோடியில் கிணற்றடி இருக்கிறது. இருபது அடி தூரம். அன்று பொழுது சாய்ந்து, தேனீக்கள் எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, வாயிலைத் துணியால் அடைத்துப் பெட்டியைப் பதமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். விடியுமுன் துணியையும் எடுத்துவிட்டேன். ஒரு தேனீகூட நசுங்கவில்லை. ராணி இருந்தாள், அடைகள் இருந்தன, புழுக்களும் தேனும் இருந்தன. ஒரு வீட்டை வீடாகவே கொண்டுபோய் வைத்துவிட்டதாக எனக்குப் பரம திருப்தி.

காலை பத்து மணிக்குக் கொல்லைக்குப் போனவன் திகைத்து நின்றேன். முருங்கை மரத்தடியில், பெட்டி இருந்த இடத்தில், வெறும் ஆகாயத்தை நூற்றுக்கணக்கான தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கால்களில் மஞ்சள் மஞ்சளாக மகரந்தம். பழைய வாயில் இருந்த அதே உயரத்துக்கு வந்து, இறங்க இடமில்லாமல் தயங்கி, மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. இருபது அடிக்கு அப்பால் அவற்றின் வீடு இருந்தது. அங்கே போகத் தோன்றவில்லை. சாயங்காலம் பெட்டியைத் தாங்கியிருந்த செங்கல்லின்மேல் கைப்பிடி அளவாக ஒடுங்கிக் கிடந்தன. மறுநாள் எறும்புகள் வந்தன.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தமிழ்நாட்டில் தேனீயைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அந்தச் சீமையில்தான் கேட்க வேண்டும். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "மூன்றடிக்குள் நகர்த்து, இல்லாவிட்டால் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோ. நடுவில் எங்கும் வைக்காதே!" என்றார். தேனீ வளர்ப்பவர்கள் பல நாடுகளில் சொல்லிக்கொள்கிற பழைய விதி அது. நம் நாட்டு அடுக்குத் தேனீ அவ்வளவு தூரம் மேயாது. ஆகவே மூன்று மைல் என்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் விதியின் நியாயம் ஒன்றுதான்.

ரப்பர் மரங்கள் தளிர்க்கும் பருவத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இரவோடிரவாக வண்டியில் ஏற்றி, மலையோரத் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கொண்டுபோகிறார்கள். எத்தனையோ மைல் கடந்த தேனீக்கள் வீட்டைத் தொலைப்பதில்லை. இருபது அடி நகர்ந்தவை தொலைத்துவிடுகின்றன.

இதற்குக் காரணம் உண்டு. தேனீயின் ஞாபகத்தில் இருப்பது பெட்டியல்ல, இடம். முதன்முதலாக வெளியே வருகிற தேனீ நேராகப் பறந்து போய்விடுவதில்லை. வாயிலைப் பார்த்தபடி முன்னும் பின்னும் மிதந்து, வளைந்து வளைந்து பறந்து, மரத்தையும் சுவரையும் மனத்தில் வாங்கிக்கொண்டுதான் போகும். தூர தேசத்தில் கண் விழித்தால் எல்லாம் புதிதாக இருப்பதால் மீண்டும் திரும்பிப் பார்த்துப் படித்துக்கொள்கிறது. இருபது அடியில் அதே முருங்கை, அதே சுவர். பழகிய உலகம்தானே என்று புறப்பட்டுப் போகிறது. பழகிய இடத்துக்கே திரும்பி வருகிறது. தூரம் குறைவாக இருந்ததே அதற்கு வினையாகிவிட்டது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கூட்டில் நெருக்கடி மிகுந்தால் தேனீக்கள் பாதிக்குமேல் பழைய ராணியோடு பிரிந்து போகும். பிரிந்த கூட்டம் பக்கத்து மரத்துக் கிளையிலேயே தொங்கும். அதைப் பிடித்துப் பழைய பெட்டிக்கு அருகிலேயே வேறு பெட்டியில் குடிவைத்தாலும், அநேகமாக எதுவும் பழைய வாயிலுக்குத் திரும்புவதில்லை. நேற்றுவரை அந்த வாயிலை மறக்காமல் வந்துபோன அதே தேனீக்கள்தான்!

ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர் என்ற விஞ்ஞானி இந்தக் குடிபெயர்ச்சியை ஆராய்ந்தார். தேனீயின் நடனத்துக்குப் பொருள் கண்டு 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷின் மாணவர் அவர். 1949-ல், போரில் இடிந்து கிடந்த மியூனிக் நகரில், பிரிந்து தொங்கிய ஒரு கூட்டத்தின்மேல் சில தேனீக்கள் உடம்பெல்லாம் கரியும் செங்கல் தூளுமாக ஆடுவதைக் கண்டார். அவை பூவைத் தேடிப் போனவையல்ல. புகைபோக்கிகளிலும் இடிந்த சுவர்களிலும் வீடு பார்த்துவிட்டு வந்தவை. ஒவ்வொன்றும் தான் கண்ட இடத்தை ஆடிச் சொல்லும். மற்றவை போய்ப் பார்த்து வரும். கடைசியில் ஒரே இடத்தையே எல்லாம் ஆடத் தொடங்கியதும் கூட்டம் கிளம்பிவிடும்.

ஆக, இடம் மாறுவது மட்டுமே தேனீயைக் கொல்வதில்லை. தான் அறியாமல், தூங்குகிற வேளையில், தனக்காக வேறொருவன் மாற்றி வைப்பதுதான் கொல்லுகிறது.

இதை எழுதும்போது என் தாயாரின் ஞாபகம் வருகிறது. பழைய வீட்டை விற்றுவிட்டு இரண்டு தெரு தள்ளி இப்போதுள்ள வீட்டைக் கட்டினோம். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமென்று அவளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சாமான்களை எல்லாம் மாற்றி, அவள் கட்டிலை அதே திசையில் போட்டு, சாமி படங்களை அதே வரிசையில் மாட்டிய பிறகு நேராகப் புது வீட்டுக்கே அழைத்து வந்தேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து விடியற்காலையில், பூட்டிக் கிடந்த பழைய வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "கால் தானா வந்துடுச்சுடா" என்றாள். வயதாகிவிட்டது, மறதி, என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் எதையும் மறக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருஷத்தில் போய்விட்டாள்.

தேனீயையும் மனுஷியையும் ஒன்றாக்கலாமா, மனிதருக்குச் சொன்னால் புரியுமே, என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். தேனீக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் வளர்ப்பவர்கள், இடம் மாற்றிய பெட்டியின் வாயிலுக்கு எதிரே தழையோடு ஒரு கிளையைச் சாத்தி வைக்கிறார்கள். வெளியே வருகிற தேனீ அதில் முட்டிக்கொள்ளும். ஏதோ மாறியிருக்கிறதென்று திரும்பிப் பார்க்கும். சொல்ல முடியாத பிராணிக்கு அவ்வளவாவது செய்கிறார்கள். சொன்னால் புரிகிற தாயாரிடம் நான் சொல்லவில்லை. வீட்டை விற்கப் போகிறோம், நீ ஒருமுறை புது இடத்தைப் பார்த்து வா, வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாள் என்ற பயம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பயத்துக்குத்தான் அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ரயில் நிலையத்துக்கு அடுத்தது அத்திப்பட்டுப் புதுநகர். புதிது என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தால் பழையது ஒன்று எங்கோ இருந்திருக்கத்தான் வேண்டும். மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். நிலமென்றால் அதன்மேல் யாராவது இருக்கத்தான் இருப்பார்கள். குழந்தையைத் தேனீ கொட்டினால் பெட்டியை நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்தவே கூடாதென்று சொல்ல எனக்கு வாயில்லை; நானும் மின்விளக்கின் கீழ்தான் எழுதுகிறேன். ஆனால் அவசியம் என்பது நகர்த்துவதற்குத்தான் அனுமதி தரும், அவசரப்படுவதற்குத் தராது. "கொஞ்ச தூரந்தானே" என்று சொல்லுகிற உரிமை நகர்த்துகிறவனுக்குக் கிடையாது. அது நகர்கிறவன் சொல்ல வேண்டிய வார்த்தை.

நண்பர் சொன்னபடி அன்றிரவே பெட்டியைத் திரும்ப முருங்கை மரத்தடியில் வைத்தேன். மிஞ்சியிருந்தவை வாயிலில் மொய்த்து உள்ளே புகுந்தன. அதன் பிறகு நாளைக்கு இரண்டடி, பத்து நாள். இருபது அடிக்கு இதுதான் விலை. அன்றைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லாமல் போயிற்று.

கொட்டு வாங்கிய குழந்தைதான் தினமும் சாயங்காலம் அளவுகோலோடு வந்து, பயந்து பயந்து தூரத்தில் நின்று கேட்கும்: "இன்னிக்கும் ரெண்டடிதானா மாமா?"

இரண்டடிதான்.