குறையாத பொருளும் திருட்டும்

என் நாவல் ஒன்றை மிகவும் ரசித்துப் படித்ததாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். "எந்தப் பதிப்பு படித்தீர்கள்?" என்று கேட்டேன். பதிப்பாவது, ஒன்றாவது! யாரோ அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப, இவர் அதைத் தம் கைப்பேசியில் படித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். திருட்டு என்ற சொல்லையும் உபயோகித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைமீதிருந்த என் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது என்ன சார், அந்த மூலையில்?" என்று மட்டும் கேட்டார்.

திரையின் வலது கோடியில் மங்கலாகச் சில எழுத்துக்கள். இதிலுள்ள இயங்குதளத்துக்கு உரிமம் பெறப்படவில்லை என்பது அவற்றின் சாரம். பல மாதங்களாக அவை அங்கேதான் இருந்தன. பார்த்துப் பார்த்துப் பழகியதில் என் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போயிருந்தன.

கம்ப்யூட்டரை நோண்டிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. எந்திரத்தை எழுப்பி, மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் இயங்குதளம் எப்படி இருக்கவேண்டும், கதை எழுதுகிறவனுக்குச் சொற்செயலி எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் அவை இரண்டும் என் எந்திரத்துக்குள் எப்படி வந்தன என்று நான் யோசித்ததில்லை. "எல்லாம் போட்டே தந்துவிடுகிறேன் சார்" என்றார் கடைக்காரர், போட்டுத் தந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

இளைஞர் போன பிறகு எனக்கு நானே வக்கீலானேன். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நான் ஒருவன் பணம் தராததால் என்ன நஷ்டம்? பிரதி எடுத்ததால் அவர்களிடம் எதுவும் குறைந்துவிடவில்லையே! அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்து என் வாசலில் போட்டால், அந்தக் கோலம் அழிந்தா போகிறது?

வாதம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இதையே அந்த இளைஞர் என் நாவலைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? கோலம் போடுகிறவள் அதை விற்றுச் சோறு தின்பதில்லை. நான் எழுதியதை விற்றுத்தான் தின்கிறேன்.

இந்த வழக்கு புதியதல்ல. 1975இல் அமெரிக்காவில் ஆல்டேர் என்ற சிறு கம்ப்யூட்டர் வெளிவந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் என்னைப்போன்ற பொழுதுபோக்குக்காரர்கள். அதற்கான பேசிக் மொழியை பில் கேட்ஸும் அவருடைய நண்பர்களும் எழுதி விற்றார்கள். அது பதிந்திருந்த துளையிட்ட காகிதச் சுருளை ஒருவர் பிரதி எடுக்க, கைமாறிக் கைமாறி எங்கும் பரவிவிட்டது. 1976 பிப்ரவரி 3ஆம் தேதியிட்டு, அப்போது 20 வயதே ஆன கேட்ஸ், பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவிகிதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கிடைத்த தொகையைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றார். கூலியில்லாமல் யார் இந்த வேலையைச் செய்வார்கள் என்றும் கேட்டார். பின்னாளில் அவர் சேர்த்த செல்வத்தை மறந்துவிட்டுப் பாருங்கள். ராயல்டிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் எந்த எழுத்தாளனின் குரலும் அதுதான்.

கூலியில்லாமல் யார் செய்வார்கள் என்ற கேள்விக்குச் சரித்திரம் ஒரு விசித்திரமான பதில் சொன்னது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவரும் சுதந்திரமாகப் பயன்படுத்துவதற்கென்றே க்னூ என்ற பெயரில் முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்காகத் தாமும் ஒன்றை எழுதிவருவதாகச் சொன்னார். அதுதான் லினக்ஸ். மறு ஆண்டே அதை அவர் க்னூ உரிமத்தின்கீழ் வைத்தார். எவரும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குத் தரும்போது, பெற்ற உரிமைகளையும் சேர்த்தே தரவேண்டும்.

இங்கேதான் என் வாதம் இடறி விழுந்தது. அந்த உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது! "இது என்னுடையது" என்று சொல்ல முடிந்தவன்தான் "எடுத்துக்கொள்" என்றும் சொல்ல முடியும். விற்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே மண்ணில் நிற்கிறார்கள். கேட்காமல் எடுக்கிறவன் இருவருக்குமே விரோதி. விற்பதா, கொடுப்பதா என்று தீர்மானிக்கவேண்டியவன் உழைத்தவன். நான் அவனிடமிருந்து எடுத்தது அந்தத் தீர்மானத்தை. பொருள் குறையவில்லை, அவன் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

இல்லாதவன் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பசித்தவன் எடுத்தால் அவன்மீது கல்லெறிய எனக்கு மனம் வராது. ஆனால் லினக்ஸ் இருக்கும் உலகில் நான் செய்தது பசித்தவன் செயலல்ல. அன்னதானம் நடக்கும் தெருவிலே கடையில் புகுந்து திருடியவன் நான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ். சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். பிரின்டரை இணங்கவைக்க இரண்டு நாள் பிடித்தது. பழைய கட்டுரைகளைத் திறந்தால் பக்கங்கள் இடம் மாறிக் கிடந்தன. தமிழ்99 விசைப்பலகை மட்டும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. எழுத, அழிக்க, வெட்டி ஒட்ட, பத்திரப்படுத்த - கதாசிரியனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? முகம் தெரியாத பல பேருடைய உழைப்பு. அவர்களே மனமுவந்து தந்தது.

சென்ற வாரம் அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். நாவலின் பிரதி ஒன்று கேட்டார், விலையை நீட்டினார். வாங்கி எண்ணிப் பையில் வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் நீட்டியிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன். ஆனால் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்று வாங்கியிருப்பேன்.