அழுக்கும் தேய்மானமும்

பழைய காரை விற்கும்போது மீட்டரைக் குறைத்து வைத்தால் அது மோசடி. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே காரின் தேய்ந்த தோல் சீட்டுக்குச் சாயம் அடித்துப் புதிதாக்கினால் அது என்ன? பராமரிப்பா, பொய்யா? சின்னக் கேள்விதான். ஆனால் ‘நல்லா பார்த்துக்கிறது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் எத்தனை வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன என்பதை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பழைய கார் பார்க்கத் தெரிந்தவர்கள் மீட்டரை மட்டும் நம்ப மாட்டார்கள். பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பைப் பார்ப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசுவது அங்கேதான். மீட்டர் 40,000 கிலோமீட்டர் என்கிறது, விளிம்போ வெடித்துக் கிடக்கிறது என்றால் எங்கோ பொய் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்க்கிறார்கள். சீட்டின் சுருக்கங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதப்படாத சாட்சி அது.

அந்தத் தோல் என்ன பொருள் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது மேற்பூச்சு கொண்ட தோல். பதப்படுத்திய மாட்டுத்தோலின் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய பாலியூரித்தேன் படலம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் அப்படியே நிற்கும். நாம் தினமும் தொடுவது தோலை அல்ல, அந்தப் படலத்தை. புதிதாக வரும்போது அது பெரும்பாலும் பளபளப்பில்லாமல்தான் இருக்கும். பல வருடம் ஓடிய சீட் மினுங்குகிறது என்றால் அது அநேகமாக வியர்வையும் உடம்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்த படிவு. நம்மில் நிறைய பேர் அந்த மினுக்கத்தைச் சுத்தம் என்று நினைத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் பாலிஷைத் தடவுகிறோம்.

சுத்தம் செய்வது வேறு. முதலில் தையல் இடுக்குகளில் உள்ள மணலை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதால் காரம் மிகுந்த சவர்க்காரம் ஆகாது. மிதமான கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் நுரைக்கவிட்டு, சின்னச் சின்னப் பகுதியாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துணி பழுப்பாகும். சீட்டின் பழைய நிறம் மெல்ல வெளியே வரும். கூடவே இன்னொன்றும் வெளியே வரும். அழுக்கு நிரப்பி வைத்திருந்த வெடிப்புகள், முன்பைவிடத் தெளிவாக. நன்றாகத் துடைத்த சீட் சில சமயம் துடைக்காததைவிட வயதானதாகத் தெரியும்.

அடுத்தது கண்டிஷனர். போத்தலில் ‘தோலுக்கு ஊட்டம்’ என்று போட்டிருப்பார்கள். உயிருள்ள தோலில் கீறல் விழுந்தால் ஆறிவிடும். செத்த தோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெடித்தால் வெடித்ததுதான். தோலுக்கு வேண்டிய கொழுப்பைப் பதப்படுத்தும்போதே ஏற்றிவிடுகிறார்கள். படலம் நன்றாக இருக்கும்வரை நாம் தடவுவதில் மிகக் கொஞ்சமே உள்ளே போகும். உராய்வைக் குறைத்து, அடுத்த வெடிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நேற்றைய காயத்தை ஆற்றாது என்று தெரிந்தும் நாளைக்காகச் செய்கிற வேலை அது. எனக்கு இதில் ஒரு பணிவு தெரிகிறது.

மூன்றாவது, சாயம். அப்பாவின் பழைய பெர்டானாவை விற்க முடிவானபோது சீட் வேலை செய்யும் ஒரு கடைக்குப் போயிருந்தோம். “வெறும் கிளீனிங் பண்ணா காசு வேஸ்ட்டுண்ணே. வெடிப்புல ஃபில்லர் போட்டு கலர் அடிச்சிட்டா, காடிய பார்க்கிறவன் பத்து வருஷம் குறைச்சுத்தான் சொல்லுவான்” என்றார் கடைக்காரர். “எவ்ளோ நாள் நிக்கும்?” என்று அப்பா கேட்டார். “விக்கிற வரைக்கும் நிக்கும்.”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த கோடு அந்தப் பதிலில்தான் இருந்தது. அந்த வேலை சீட்டுக்காகச் செய்யப்படுவதில்லை, பார்க்கிறவன் கண்ணுக்காகச் செய்யப்படுவது. அப்பா கிளீனிங் மட்டும் போதும் என்றார். வாங்க வந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு 500 வெள்ளி குறைத்துக் கேட்டான். அப்பா சரி என்றார். உண்மைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பெரும்பாலும் சொல்கிறவர்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

“நேர்காணலுக்குச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போறோம், தலைக்கு மை அடிக்கிறோம், அதெல்லாம் பொய்யா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோற்றத்தை மாற்றுவது எல்லாமே பொய் ஆகிவிடாது. அந்த அடையாளத்தை நம்பி எதிரில் இருப்பவர் ஒரு முடிவு எடுக்கிறாரா என்பதுதான் விஷயம். என் நரைமுடியை வைத்து யாரும் எதையும் கணக்குப் போடப்போவதில்லை. சீட்டின் விளிம்பை வைத்து அந்தப் பையன் கணக்குப் போடுகிறான், தன் சம்பளத்தை அதில் கட்டப்போகிறான். காரை நானே வைத்துக்கொண்டு சாயம் அடித்தால் அது பழுதுபார்ப்பு. விற்கும்போது “இது அடிச்ச கலர்” என்று சொல்லிவிட்டால் அப்போதும் பழுதுபார்ப்புதான். வேலை ஒன்றேதான். சொல்லாமல் விட்டால் மட்டும் அது சாட்சியைக் கலைப்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. “நான் இப்படித்தான், உள்ளது உள்ளபடி” என்று துடைக்காமலே விட்டுவைப்பதையும் சிலர் நேர்மை என்கிறார்கள். மனிதர்கள் விஷயத்தில் இதை அதிகம் கேட்கிறோம். ஆனால் அழுக்கு சீட்டுக்குச் சொந்தமானது இல்லை, மேலே வந்து உட்கார்ந்தது. தேய்மானம்தான் அதற்குச் சொந்தம், உழைத்துச் சம்பாதித்தது. துடைக்காமல் விட்டாலும் சாயம் அடித்தாலும் நடப்பது ஒன்றுதான், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. துடைத்தால்தான் எது படிந்தது, எது தேய்ந்தது என்று பிரிகிறது. எதைப் பழுதுபார்க்கலாம், எதோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்ற கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்கவே முடியும்.