சிரிப்பும் கண்ணீரும்



ஒருவனுடைய கண்ணீரை வேடிக்கைகளுக்கு நடுவே காட்டிப் பணம் திரட்டலாமா? நல்ல காரியத்துக்குத்தானே என்று உடனே பதில் சொல்லிவிட வேண்டாம்.

எத்தியோப்பியப் பஞ்சத்தைக் கண்டு மனமிரங்கிய இங்கிலாந்து விகடக் கலைஞர்கள் 1985-ல் 'காமிக் ரிலீஃப்' என்னும் தரும ஸ்தாபனத்தை ஆரம்பித்தனர். 1988 பிப்ரவரி 5-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷனில் முதல் 'சிவப்பு மூக்கு நாள்' நடைபெற்றது. விகடம், சங்கீதம், இடையிடையே பசித்தோரின் சோகக் கதைகள். மூக்கில் சிவப்பு உருண்டை அணிந்து சிரித்த ஜனங்கள் சுமார் ஒன்றரைக் கோடி பவுன் கொடுத்தார்கள்.

சிரிப்பில் தவறில்லை. துக்க வீட்டிலுங்கூட இறந்தவரின் வேடிக்கைப் பேச்சை நினைத்துச் சிரிக்கிறோம். அது அவரை அவமதிப்பதன்று. சிரித்து இளகிய மனம் இரங்கவும் செய்யும்.

ஆனால் சிரிக்க வைப்பவன் தானே விரும்பி மேடையேறுகிறான், அவனுக்குப் பெயருண்டு. அழுபவனுக்கோ பெரும்பாலும் பெயர்கூட இல்லை. 2019-ல் உகாண்டாக் குழந்தையை ஏந்திய ஒரு பிரபலத்தின் படம் வெளிவந்தபோது, ஆப்பிரிக்காவைப் பற்றிய பழைய தப்பெண்ணத்தையே இது வளர்க்கிறது என்று பாராளுமன்ற அங்கத்தினர் டேவிட் லாமி கண்டித்தார். பிரபலங்களை அங்கே அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதாக 2020-ல் ஸ்தாபனத்தார் அறிவித்தனர். அந்நாட்டாரே இனிப் படமெடுப்பர் என்றனர்.

கலை இரவு நடத்துவோருக்கு ஒரு சோதனை போதும். அந்த ஏழை நம் பக்கத்து நாற்காலியில் இருந்தால், நம்மோடு சேர்ந்து சிரிப்பானா, வெட்கித் தலைகுனிவானா? பசிக்குச் சோறு வேண்டும். அதற்கு விலையாக மானத்தைக் கேட்பது தருமமாகாது.