தகுதியும் படிநிலையும்: கைல் பீல்டரின் ஆட்டவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் தம் தொழிலில் அடைந்த சிறப்பை, அத்தொழிலை அவர் எந்தப் படியில் நின்று செய்தார் என்பதைக் கொண்டு அளவிடுதல் உலக வழக்கு. தலைநகரத்து மருத்துவர் கிராமத்து மருத்துவரினும் வல்லவர் என்பது ஆராயப்படாமலே ஏற்கப்படுகின்றது. இவ்வழக்கு எத்துணை நியாயமானது என்பதைச் சோதித்தறியப் பனித்தரை ஹொக்கி ஆட்டக்காரரான கைல் பீல்டரின் வாழ்வு தக்கதொரு களமாகும். வெப்பவலயத்து வாசகர்க்கு ஆட்டம் அந்நியமானதாயினும் அது எழுப்பும் வினா அந்நியமானதன்று.

பீல்டர் 1930இல் ஐக்கிய அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்திற் பிறந்து கனடாவின் சஸ்கற்சவானில் வளர்ந்தவர். முன்வரிசையின் நடுவில் நின்று ஆடியவர். ஐம்பதுகளின் தொடக்கம் முதல் 1973 வரை, நாற்பத்திரண்டாம் வயது வரையில், அவர் தொழில்முறையாக ஆடினார். அக்காலத்தின் பெரும்பகுதி பசுபிக் கரையிலுள்ள சியாற்றில் நகரக் குழுவிற் கழிந்தது. இவ்வாட்டத்தில் இறப்பர்த் தட்டினை வலைக்குள் செலுத்தியவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் அதனைக் கடத்திக் கொடுத்தவர்களுக்கும் ஒவ்வொரு புள்ளி. கீழ்நிலை லீக்குகளில் பீல்டர் பெற்றவை 1,929 புள்ளிகள். அவற்றுள் அவரே அடித்த கோல்கள் 438. எஞ்சிய 1,491 பிறர் அடிப்பதற்கு அவர் வழிசெய்து கொடுத்தவை. மேற்கு ஹொக்கி லீக்கில் ஒன்பது பருவங்களில் புள்ளிப் பட்டியலின் தலைமை அவருடையது. மேல்நிலையான தேசிய ஹொக்கி லீக்கிலோ ஒழுங்குப் பருவ ஆட்டங்களாக அவர் ஆடியவை ஒன்பதே. அவற்றிற் பெற்ற புள்ளி ஒன்றுமில்லை.

இவ்வெண்களை நோக்குவோர் எளிதில் ஒரு முடிவுக்கு வருவர்: சிறுகுளத்தில் பெருமீனாக விளங்கியவர் கடலில் நீந்த வலுவற்றிருந்தார் என்பதே அது. ஆயின் அக்கடலின் பரப்பு எத்துணை? 1942 முதல் 1967 வரை தேசிய லீக்கில் இருந்த குழுக்கள் ஆறு மாத்திரமே. இரு நாடுகளினின்றும் திரண்ட ஆட்டக்காரர்களுக்கு அங்கிருந்த இடங்கள் ஏறத்தாழ நூற்றிருபது. நூற்றிருபதாமவனுக்கும் அவனுக்கு அடுத்து நின்றவனுக்கும் இடையிலான கோட்டைக் கீறியது திறமையின் இயல்பன்று; ஆசனங்களின் தொகையே. அன்றியும், வீரனொருவனின் உரிமை முழுவதும் குழுவின் கையிலிருந்தது; தன்னைப் பயன்படுத்தாத குழுவை விட்டு வேறிடம் நாட அவனுக்குச் சுதந்திரமில்லை. வில்லி மார்ஷல் என்பார் இருபது பருவங்கள் ஆடி அமெரிக்க ஹொக்கி லீக்கில் 1,375 புள்ளிகள் பெற்றார். ரொறன்ரோக் குழுவுக்காகத் தேசிய லீக்கில் அவர் ஆடியவை 33 ஆட்டங்கள். அடித்தது ஒரு கோல். இத்தகையோரைக் கீழ்நிலையினர் என்னும்போது அச்சொல் ஏணியின் அமைப்பைக் கூறுகின்றதேயன்றி ஏறியவனின் ஆற்றலைக் கூறுவதன்று.

பீல்டர் விடயத்தில் இச்சமாதானம் முற்றாகப் பொருந்தாது என்பதே சிக்கல். 1956-57 பருவத்தில் அவர் 122 புள்ளிகள் குவித்ததையடுத்து, டெற்றொயிட் குழு அவரை அழைத்தது. அதுவும் அக்காலத்து ஆட்டக்காரருள் தலையாய கோர்டி ஹோவின் அருகிலேயே நிறுத்தியது. இதனினும் சிறந்த வாய்ப்பு எவர்க்கும் வாய்த்திராது. ஆனால் பீல்டரின் கலை, தட்டினைத் தம்வசம் வைத்திருந்து, எதிரணியைத் தம்பால் ஈர்த்து, உரிய கணத்தில் கடத்திவிடும் கலை. ஹோவுக்கும் தட்டு தம்மிடம் இருத்தல் வேண்டும். ஒரே வரிசையில் இரு நடத்துநர்க்கு இடமில்லை. ஆறு ஆட்டங்களின் பின் பீல்டர் தம்மைச் சியாற்றிலுக்கே திருப்பியனுப்புமாறு கேட்டுப் பெயர்ந்தார்.

இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? எட்டாத திராட்சையைப் புளித்ததென்ற நரியின் தன்மை இது எனலாம். ஆயின் நரி திராட்சையைச் சுவைத்ததில்லை. இவரோ ஆறு ஆட்டங்கள் சுவைத்த பின்னரே விலகினார். மெய்யியலாளர் மக்கின்ரயர் 1981இல் வெளியிட்ட நூலில் ஒரு செயன்முறையின் அகப்பேறுகளையும் புறப்பேறுகளையும் வேறுபடுத்தினார். பணமும் புகழும் புறப்பேறுகள். வேறு வழிகளாலும் பெறத்தக்கவை. அகப்பேறோ அச்செயன்முறையில் ஈடுபட்டே பெறத்தக்கது. இதன்வழி நோக்கின், பீல்டர் புறப்பேற்றைக் கைவிட்டு அகப்பேற்றைக் காத்தவராவார். ஹோவின் நிழலில் தட்டினை ஒப்படைத்து நிற்பது அவருக்கு மேல்நிலை ஆட்டமாயிருக்கலாம், அவருடைய ஆட்டமாயிராது.

இவ்விளக்கம் கவர்ச்சியுடையதாயினும் அதனை அப்படியே ஏற்றல் கூடாது. அதே மக்கின்ரயர், ஒரு செயன்முறையுட் புகுபவன் அதன் அளவுகோல்களுக்குத் தன் விருப்பினைப் பணிவித்தல் வேண்டும் எனவும் கூறுகின்றார். மேலான ஆட்டக்காரரிடையே தம் கலையை மாற்றி வளர்த்திருக்கக்கூடிய வாய்ப்பைப் பீல்டர் ஆறே ஆட்டங்களுடன் துறந்தமை ஓர் இழப்பே. பெருங்குறியைத் தவறவிடுதல் சிறுகுறியை எய்துதலினும் மேலானது என்னும் வள்ளுவரின் கருத்தும் அவருக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும். எனினும் குறியின் பெருமையை எவர் நிர்ணயிப்பது என்ற வினா எஞ்சுகின்றது. ஆட்டத்தைத் தாமே நடத்துதல்தான் அவர் கொண்ட குறி எனின், டெற்றொயிட்டில் அக்குறி இருக்கவேயில்லை. அங்கே தங்கி ஊதியமும் பெயரும் பெற்று இருபது பருவங்கள் ஒப்புக்கு ஆடியிருப்பின், அதுவே சிறுகுறியாயிருந்திருக்கும். அச்சத்தால் திரும்புவதும் தன் தொழிலின் உட்பொருளை அறிந்து திரும்புவதும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும். திரும்பியபின் செய்த வேலையே இரண்டையும் பிரித்துக் காட்டத்தக்கது. பீல்டர் அதன்பின் பதினைந்தாண்டுகளுக்கு மேலாக ஆடினார். சியாற்றில் குழு 1959, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் கிண்ணத்தை வென்றது.

தேசிய லீக் 1967இல் ஆறு குழுக்களினின்று பன்னிரண்டாக விரிந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. மேற்கு ஹொக்கி லீக் 1974இல் கலைந்தது. அவருடைய பதிவுகளுள் பெரும்பாலானவை இன்று இல்லாத ஓர் அமைப்பின் பதிவுகள்; அவருடைய புள்ளிகளுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை, இறுதியில் தட்டினை வலைக்குள் செலுத்திய வேறொருவரின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டவை.