அடைக்காமல் விட்ட துளைகள்

குற்றாலத்தில் ஓடிய வண்டி உள்ளேயிருந்துதான் அழியும். மட்கார்டில் ஒரு பொட்டுத் துரு இருக்காது, பானெட்டில் முகம் பார்க்கலாம். பின்சீட்டைத் தூக்கினால்தான் சங்கதி தெரியும். அருவியில் எண்ணெய்க்குத் தடை வராத அந்தக் காலத்தில், ஆனி, ஆடி சீசனில் பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் ஈரத்துண்டோடு ஏறி ஐந்தருவிக்குப் போவார்கள். அங்கே நனைந்து ஏறி, பழைய குற்றாலத்துக்குப் போவார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிகள் இங்கே நீராடிவிட்டுச் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலையேறுவார்கள். வருஷத்தில் பாதி நாள் சீட்டு காய்ந்ததே இல்லை. நல்லெண்ணெயும் அருவித் தண்ணீரும் தையல் வழியே இறங்கி, நாரைக் கறுப்பாக்கி, ஸ்பிரிங்கைத் தின்று, கடைசியில் தரைத் தகட்டில் போய்த் தங்கிவிடும்.

ஷெட்டில் நிற்பது எழுபதுகளின் அம்பாசிடர். டாக்ஸியாகவே காலத்தைக் கழித்தது.

*

பின்சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: கொண்டை ஊசிகள், ரம்புட்டான் கொட்டை, வளையல் துண்டு, ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசில் பாதி, செல்லாத பத்துப் பைசாக்கள், எண்ணெய் ஊறிய பார்சல் காகிதம். காகிதத்தில் எழுத்து இல்லை. செங்கோட்டைப் பக்கத்து பரோட்டாவாகத்தான் இருக்கும், வேறெதற்கு அவ்வளவு எண்ணெய்? கொலுசை மட்டும் கழுவி எடுத்து வைத்தேன்.

*

உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரை 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே வரை செய்துகொண்டிருந்தது. மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. இடையில் கிரில் மாறியது, எஞ்சின் மாறியது, விளக்கு மாறியது. ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்தால் நெடுங்காலம் ஒரே வீடுதான். ஸ்டியரிங் தண்டில் கியர், இடது காலடியில் டிம்மர் பொத்தான், கதவோரம் திருப்பினால் காற்றை முகத்துக்கு நேரே அனுப்பும் முக்கோணக் கண்ணாடி. முன்னால் ஒரே நீள இருக்கை. நடுவில் கியர் கம்பி இல்லாததால் டிரைவரோடு இன்னும் இரண்டு பேர், குழந்தை இருந்தால் மடியில் ஒன்று. நம் குடும்பங்களின் அளவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு பிறகு வரவில்லை என்பது என் கட்சி.

*

சீட் தைக்கிற அண்ணாச்சி தென்காசியிலிருந்து வந்து பார்த்தார். பழைய ரெக்ஸினைக் கத்தியால் கீறி, நாரைப் பிய்த்து முகர்ந்தார்.

“புதுசு மாதிரி வேணும்னா ஃபோம் போட்டு சட்டுனு முடிச்சிருதேன் அண்ணாச்சி. பழசு மாதிரியே வேணும்னா நாளாவும்.”

“எது நல்லது அண்ணாச்சி?”

“உக்காரதுக்கு ஃபோம். இந்த ஊருக்கு நாரு.”

ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஃபோம் தண்ணீரைக் குடித்தால் விடாது. வாரக்கணக்கில் உள்ளே வைத்துக்கொண்டு பூசணம் பிடிக்கவைக்கும். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தேங்காய் நார் அப்படியில்லை. இழைக்கு இழை இடைவெளி இருப்பதால் கதவைத் திறந்து வைத்து இரண்டு நாள் வெயில் காட்டினால் காய்ந்துவிடும். நார் என்று முடிவானது. தரைக்கு ரப்பர் மேட்டுக்குப் பதிலாகப் பத்தமடைப் பாய் விரிக்கலாமே என்றார் பக்கத்து ஷெட் நண்பர். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கோரை ஒரே சீசனில் கறுத்துப்போகும்.

ரெக்ஸின் என்று நாம் இன்று வாங்குவது பி.வி.சி. பூசிய துணி. இங்கிலாந்தில் முதலில் வந்த ரெக்ஸின் வேறு. துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூர எண்ணெயும் கலந்து பூசி, தோல் போல வரி அழுத்தியது. சபரிமலைக்குப் போய்வந்த இந்தச் சீட்டில் கற்பூர வாசனை மிச்சமிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது டேஷ்போர்டின் மேல் நாள்தோறும் காட்டிய சூடம்.

*

ஸ்பீடோமீட்டரைப் பிரித்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கியர்பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கேபிள் வருகிறது. அதன் நுனியில் காந்தம். காந்தத்தைச் சுற்றி, தொடாமல், ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டம் கிண்ணத்தையும் கூடவே இழுத்துத் திருப்பப் பார்க்கிறது. தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் போகாதே என்று பிடித்து வைக்கிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வேகம் என்று நாம் படிப்பது அந்த இடத்தைத்தான். ஒன்றையொன்று தொடாத இரண்டு பொருட்களுக்கு நடுவே இவ்வளவு நம்பகமான உறவு இருக்க முடியும் என்பதை எத்தனை முறை பிரித்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

முள் துடித்தால் மீட்டரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் கேபிளில் இருக்கும். உள்ளே கிரீஸ் காய்ந்து கேபிள் மாட்டி மாட்டி விடுபடும், முள் குதிக்கும். கேபிளை உருவி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கொஞ்சமாக கிரீஸ் தடவினால் போதும். தாராளமாகத் தடவினால் அது கேபிள் வழியே ஏறி வந்து மீட்டருக்குள்ளேயே வழியும்.

எண் உருளைகள் கையில் இருந்தன. ஐந்து இலக்கம். ஒரு லட்சம் ஆனதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும், எத்தனை முறை திரும்பியது என்பதை வண்டி சொல்லாது. மறுசீரமைப்பு செய்கிறவர்கள் சிலர் இங்கே எல்லாவற்றையும் சுழியத்தில் வைத்து மூடுவார்கள், புதுப்பிறவி என்று. நான் இருந்த எண்ணிலேயே மூடினேன்.

*

ஒயரிங். பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் லூக்காஸ் நிற முறை: பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன், சாவி திருப்பினால் உயிர் வருவது வெள்ளை, ஃப்யூஸ் தாண்டியது பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் விளக்கும் மீட்டர் விளக்கும் சிவப்பு, எர்த் கறுப்பு. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டபோது கிடைத்ததோ, எந்த முறைக்கும் அடங்காத ஒரு கொத்து. யாரோ மஞ்சள் ஒயரால் ஹார்னை மீட்டிருக்கிறார்கள், யாரோ மணி அலங்கார விளக்குக்கு வீட்டு ஒயர் இழுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் புளியரை இறக்கத்தில் விளக்கு அணைந்து, கையில் அகப்பட்டதைக் கட்டி வண்டியை வீடு சேர்த்தவர்களின் வேலை. திட்டிக்கொண்டே பிரித்தேன், ஆனால் அவர்களை மட்டமாக நினைக்க முடியவில்லை. டைனமோ காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அது தெரியாமல் டிரான்சிஸ்டர் ரேடியோ மாட்டிக் கருக்கியவர்களும் உண்டு.

*

ஆழ்வார்குறிச்சி வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நினைப்பு. 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டியது. மெத்தை, தோல், வார், பூண் எல்லாம் அங்கே தொழில். 1903இல் அதே பட்டறையில் நீராவிக் கார் உருவானது. பின்னாளில் அந்த சிம்ப்சனின் தலைமைக்கு வந்து அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய அனந்தராமகிருஷ்ணன் இந்த ஆழ்வார்குறிச்சிக்காரர். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான், அதனால் அவரைத் தென்காசி மாவட்டத்தவர் என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை. காரின் உள்ளறை குதிரை வண்டியின் வாரிசு என்பது பழைய சீட்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். ஆணி அடித்த வரிசை, மடிப்பு வைத்த தையல், ஓரத்தில் ஓடும் பீடிங், எல்லாமே கோச் வண்டிக்காரர் விட்டுப்போனவை.

*

தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்த பாடல்களில் ஒன்று எனக்கு இந்த வேலையின்போது அடிக்கடி நினைவுக்கு வரும். தான் கட்டிய கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை ஏதும் நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறிய இப்போதே பணிகிறேன் என்கிறான். கட்டியவன் ‘என் பெயர் நிற்கட்டும்’ என்று சொல்வது வழக்கம். இவன் கட்டும்போதே சிதைவை எதிர்பார்த்து, பழுது பார்க்க வரப்போகும் முகம் தெரியாதவனுக்குத் தலை வணங்குகிறான். நெடுநாள் சிதைந்து நின்ற அந்தக் கோபுரம் 1990இல் ஒன்பது நிலையாகத் திரும்ப எழுந்தது. கட்டியவர்கள் தங்களுக்கு வந்து சேர்ந்த வணக்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தொழிற்சாலையில் செய்த காரில் அப்படி யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனாலும் திருகாணி போட்டு மாட்டிய டேஷ்போர்டு, பிரித்துத் திரும்பப் பூட்டலாம் என்று பின்னால் வருபவனுக்குச் சொல்லி வைத்ததுதான். பசையால் ஒட்டி, கிளிப்பால் அமுக்கி, எடுத்தால் உடையும்படி செய்கிற இன்றைய உள்ளறைகளில் அந்த எண்ணமே இல்லை.

*

இனி டேஷ்போர்டு முகப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் துளைகள் எண்ணிக்கையில் அடங்கவில்லை. ரேடியோவுக்காகத் தகட்டைக் கடித்துத் தின்றதுபோல் வெட்டிய சதுரம். குட்டி ஃபேனுக்கு மூன்று துளை. பெர்மிட் சட்டத்துக்கு நான்கு. நடுவில், கண்ணாடியை ஒட்டி, பக்கத்துக்கொன்றாக இரண்டு: சாமி பீடம். அதைச் சுற்றி மட்டும் பெயிண்ட் தேயாமல் பீடத்தின் வடிவத்திலேயே புதிதாக இருந்தது. எந்தச் சாமி என்று தெரியாது. பிள்ளையாராக இருக்கலாம், ஐயப்பனாகவும் இருக்கலாம்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வேண்டும் என்பவர்கள் எல்லாவற்றையும் வெல்டு வைத்து, பட்டி போட்டு, இழைத்துவிடச் சொல்வார்கள். அதற்கு ஒரு நியாயம் உண்டு, கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு. இது டாக்ஸி. தொழிற்சாலையில் இருந்தது சில நாள், இந்த ஊரில் இருந்தது ஓர் ஆயுள். எந்த நாளுக்குத் திருப்புவது?

டிங்கர் தம்பி கேட்டான்: “எல்லாத்தையும் அடைச்சிரவா அண்ணாச்சி?”

ரேடியோ வெட்டை அடைக்கச் சொன்னேன், அது அவசரக்கை வேலை, தகட்டையே பலவீனமாக்கியிருந்தது. ஃபேன் துளைகளையும் அடைத்தாகிவிட்டது. பெர்மிட் துளைகளில் திருகாணி மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். பீடத் துளைகளுக்குப் பட்டி வேண்டாம், ஓரத்தில் துரு ஏறாமல் ரெட் ஆக்சைடு மட்டும் தொட்டு விடு என்றேன். அடுத்து வாங்குகிறவர் எந்தச் சாமியை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவர் பாடு.

மேல் லைனிங் பாக்கி. துணியைக் கம்பிகளில் கோர்த்து, ஓரங்களை ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும். சாரல் காற்றில் பசை உலரும்போதே மேலே ஈரம் படிந்து, ஒட்டியது போல் காட்டிப் பிறகு தொங்கிவிடும். மாசி வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார் சீட்டு அண்ணாச்சி. துணி வாங்கிச் சுருட்டி, தரையில் வைக்காமல் பரணில் ஏற்றியிருக்கிறேன்.