நாழியும் கலோரியும்

ஐதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகருக்கு அணித்தேயுள்ள தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கின்றது. 1918ஆம் ஆண்டு நம் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே 1958இல் அங்குப் பெயர்ந்து பின்னர் இப்பெயர் பெற்றது. அரிசிக்கு இத்தனை கலோரி, பருப்புக்கு இத்தனை என்று நம் நாட்டார் கூறும் கணக்கிற் பெரும்பகுதி அந்நிறுவனத்தின் அட்டவணைகளினின்று வந்ததாகும். அக்கணக்கைக் கொண்டு உடற்பருமனைத் தீர்க்கலாமா என்பதே இன்றைய வாதம்.

செலவழிவதற்கு மேல் உண்பது கொழுப்பாகத் தங்குமாதலின், எண்ணி உண்க என்பர் ஒரு சாரார். எண் ஒன்றாயினும் உணவு ஒன்றாகாது என்பர் மற்றொரு சாரார். 2019இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தார் இருபது பேருக்கு இருவகை உணவை, வகைக்கு இரு வாரமாக, ஒத்த கலோரியோடு முன்வைத்து, வேண்டுமளவு உண்ணவிட்டனர். ஆலைகளிற் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மிகுதியாக உண்டு, எடையும் ஏறினர். ஆகவே, பருத்தவரையெல்லாம் பேராசைக்காரர் என்று இகழ்வது அறியாமை.

நம்மவர்க்கோ இவ்வெண் வேறொரு பொருளும் உடையது. 1979இல் அரசாங்கக் குழுவொன்று நாட்டுப்புறத்தார்க்கு 2400, நகரத்தார்க்கு 2100 கலோரி என்று வரையறுத்து, அதைக்கொண்டே வறுமைக் கோட்டை வகுத்தது. அக்கோட்டின் கீழ் எண்ணப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சிலரிடம் இன்று மருத்துவர் அதே எண்ணைக் காட்டிக் குறைக்கச் சொல்கின்றார். பசித்த தலைமுறையிற் பிறந்த தாய், மகன் தட்டில் மறுமுறை சோறிடுவதைத் திருஷ்ணை என்று எவ்வாறு கூறுவது? மணிமேகலையின் அமுதசுரபி அளந்து கொடுத்ததன்று.

சம்யுத்த நிகாயத்திலே கோசல மன்னன் பசேனதியின் செய்தி வருகின்றது. துரோண அளவு சோறுண்டு, மூச்சிரைக்க வந்தமர்ந்த அவனைப் பகவன் கடிந்திலர். நினைவோடு உண்பவன் தன் அளவை அறிவான் என்னும் கருத்துடைய காதையொன்றை மட்டும் அருளினார். மன்னன் சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதனைக் கற்கச் செய்து, நாள்தோறும் நூறு காசு அளித்து, உண்ணும் வேளையிற் கூறச் செய்தான். கடைசிக் கவளத்தை மன்னன் நீக்க, அதிலுள்ள பருக்கைகளை எண்ணி, அத்தனை அரிசியை அடுத்த உலையிற் குறைத்தனர் என்று உரைநூல் கூறும். இறுதியில் ஒரு நாழிச் சோற்றோடு அமைந்தான். (பாலியின் நாழியும் நம் வீட்டு நாழியும் ஒரே சொல்லாய் ஒலிப்பது நமக்கு மகிழ்ச்சியே.)

எண்ணுதல் இழிவு என்போர் இவ்வுரையை நோக்குக. பருக்கை வரை எண்ணியிருக்கின்றனர். ஆனால் எண்ணியவன் மன்னன் அல்லன். எண்ணிக்கை அடுக்களையில் நிகழ்ந்தது. மன்னனுக்குரியது நினைவு ஒன்றே. இக்காலத்தில் உண்பவனே கவளந்தோறும் கைப்பேசியிற் கணக்கெழுதுகின்றான். எண் குறைந்தால் செருக்கும் ஏறினால் நாணமும் அடைகின்றான். வாயிலுள்ள உணவை அவன் அறிவதில்லை. கணக்கு வேண்டுமாயின் அதனை உலையேற்றுமுன் முடித்துவிடுதல் நன்று என்பது நம் கருத்து. எண்ணெயும் சர்க்கரையும் திங்களுக்கு எவ்வளவு வாங்கினோம் என்று பார்ப்பதும் அக்கணக்கே.

மன்னன் நாழிக்கு வந்தது படிப்படியாக. அந்நாழியும் அமர்ந்திருந்து ஆண்ட ஒருவனுக்கே உரியது. நாற்று நடும் பெண்ணுக்கும் சூலுற்றவளுக்கும் அதே நாழியை அளந்து வைப்போமாயின், அது மத்தஞ்ஞுதா அன்று, பட்டினி.